திரையை விலக்குவதா, கையெழுத்து வாங்குவதா?

திருப்பூரிலிருந்து பின்னலாடை ஏற்றுமதி செய்யும் எங்களிடம், இங்கிலாந்து நிறுவனம் ஒன்று 90 நாள் கடனில் சரக்கு கேட்டது. எல்.சி. (பணத்துக்கு வங்கியே பொறுப்பேற்கும் கடன் கடிதம்) கொடுத்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திராது. நிறுவனத்தின் பெயரில் ஒரு வாடகை அலுவலகம், வசதியெல்லாம் உரிமையாளரிடம்.

வழிகள் இரண்டு. வழக்கு இங்கிலாந்து நீதிமன்றத்தில் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, பணம் வராவிட்டால் கம்பெனித் திரையை விலக்கி, அதாவது நிறுவனம் வேறு, உரிமையாளர் வேறு என்ற சட்ட மறைப்பை நீக்கி, உரிமையாளரைப் பிடிக்கலாம் என நம்புவது ஒன்று. நிறுவனம் தராவிட்டால் நானே தருகிறேன் என்று அவரிடமே தனிநபர் உத்தரவாதம் வாங்குவது மற்றொன்று. நான் உத்தரவாதம் வாங்கிவிட்டேன்.

முதல் வழியில் பையர் முகம் சுளிக்கமாட்டார். அந்த வசதி மட்டும்தான்.

வி.டி.பி. கேபிடல் வங்கி பட்ட பாடு போதும். ரஷ்யப் பால் நிறுவனங்களை வாங்குவதற்காக அது கொடுத்த கடன் சுமார் 22.5 கோடி டாலர். கடன் வாங்கிய நிறுவனம் கைவிரித்தது. அதைப் பின்னாலிருந்து ஆட்டுவித்தவர் இன்னார் என்று குற்றம்சாட்டிய வங்கி, அவரையும் ஒப்பந்தத் தரப்பாகக் கருதி, அதிலுள்ள அதிகார வரம்புப் பிரிவுக்கு (வழக்கு எந்த நீதிமன்றத்தில் என்று சொல்லும் பிரிவு) கட்டுப்படுத்தக் கோரியது. 2013இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கையெழுத்திடாத ஒருவரை, தரப்பினர் எவரும் தரப்பாக எண்ணாத ஒருவரை, பிறகு உள்ளே இழுக்க முடியாது. அதே ஆண்டு அதே நீதிமன்றத்தின் பிரெஸ்ட் என்ற வழக்கில் வாசல் மேலும் குறுகியது: ஏற்கெனவே உள்ள பொறுப்பிலிருந்து தப்ப ஒருவர் வேண்டுமென்றே நிறுவனத்தைக் குறுக்கே நிறுத்தினால்தான் திரை விலகும். வெறும் காலிப் பெட்டியான நிறுவனம் பாக்கி வைப்பது அதில் சேராது.

உத்தரவாதத்தில் அந்தத் தொல்லை இல்லை, கையெழுத்திட்டவரே கடனாளி. அதற்கும் தனியாக அதிகார வரம்புப் பிரிவு எழுதினோம். அவர் சொத்து இருப்பது இங்கிலாந்தில், ஆகவே அங்குள்ள நீதிமன்றம் ‘மட்டுமே’ என்று. அந்தச் சொல்லில் நான் பிடிவாதம். குஜராத்திலிருந்து வாங்கிய மெட்டாலிக் நூல் பற்றிய வழக்கில், ‘கைரா அதிகார வரம்புக்கு உட்பட்டது’ (கைரா குஜராத்தில் உள்ளது) என்ற வரி இருந்தும் சேலம் நீதிமன்றத்தின் கதவு அடைபடவில்லை என்றது நம் உச்ச நீதிமன்றம் (1989). ‘மட்டும்’ இல்லாவிட்டாலும் பாதகமில்லை என்று 2013இல் வேறொரு வழக்கில் சொன்னார்கள். ஆனாலும் ஒரு சொல்லில் என்ன கஞ்சத்தனம்?

இதுவரை பணம் தவணை தவறாமல் வருவதால், இந்த உத்தரவாதத்தை வழக்கில் சோதித்துப் பார்த்த அனுபவம் எனக்கில்லை. அடுத்து வந்த பையர் கையெழுத்திட மறுத்தார். அப்படியானால் 30 சதவீதம் முன்பணம் என்றேன். இன்னும் பதில் இல்லை.