சூரணமா, நடையா, தூக்கமா?

பாம்பனில் என் மதினி வீட்டு அலமாரியில் அமுக்கரா (அஸ்வகந்தா) சூரண டப்பா ஒன்று பாதி தீர்ந்த நிலையில் இருக்கிறது. அண்ணன் விசைப்படகில் போகும் ராத்திரிகளில் மதினி தூங்குவதில்லை. இலங்கைக் கடற்படை யாரைப் பிடித்தது, எந்தப் படகு என்று வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து பார்ப்பார். நாலு மாதமாக மாதவிலக்கு வரவில்லை, முடியும் கொட்டுகிறது. "டென்ஷன்ல ஹார்மோன் கெட்டுப்போச்சு, இதைச் சாப்பிடு" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் டப்பா வந்தது.

அக்கா சொன்னதில் பாதி சரி. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி இருக்கும் அட்ரினல் சுரப்பிதான் கார்டிசோல் என்ற டென்ஷன் ஹார்மோனைச் சுரக்கிறது. அது காலையில் உச்சத்துக்குப் போய், நடுராத்திரி வாக்கில் அடங்கும். பயம் மாதக்கணக்கில் நீடித்தால் அந்த ஏற்ற இறக்கம் குலையலாம், சர்க்கரை ஏறலாம், கருமுட்டை வெளிவர மூளை அனுப்பும் கட்டளையும் மங்கலாம்.

சூரணம் கார்டிசோலைக் கொஞ்சம் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. ஆனால் அது தைராய்டு ஹார்மோன் அளவை ஏற்றிவிடலாம், அபூர்வமாகக் கல்லீரலையும் கெடுக்கும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. மதினியோ ஏற்கெனவே தைராய்டு மாத்திரை போடுகிறவர். கடையில் அதை யாரும் கேட்கவில்லை.

நடைக்குக் காசு வேண்டாம். வாரம் 150 நிமிடம் விறுவிறுவென்று நடந்தால் இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யும். வீட்டிலேயே மீன் கணக்குப் பார்க்கும் மதினிக்கு இது பொருந்தும். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மணிக்கணக்கில் கடலில் முங்கிப் பாசி எடுக்கிற பெண்களிடம் போய் "நடங்க" என்றால் சிரிப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது ஓய்வு.

என் ஓட்டு தூக்கத்துக்குத்தான். செலவில்லை, ஆனால் மூன்றிலும் இதுதான் கஷ்டம். படகு போகிற ராத்திரி "தூங்குங்க மதினி" என்று சொல்ல எனக்கே வாய் வராது. அதனால் போனை மகனிடம் கொடுக்கச் சொன்னேன். அவசரம் என்றால் அவன் எழுப்புவான். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் டீ கிடையாது. முதல் வாரம் சண்டைதான். அப்புறம் படகு போகாத ராத்திரிகளிலாவது ஆறு மணி நேரம் தூங்கினார்.

ஆனாலும் மூன்று மாதம் மாதவிலக்கு வரவில்லை என்றால் எதற்கும் முன்னால் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். லேப் பேக்கேஜில் வரும் ஒற்றை கார்டிசோல் அளவு டென்ஷனுக்கு மீட்டர் இல்லை. கர்ப்பமா, தைராய்டு, சர்க்கரை, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) எப்படி என்று பார்ப்பதுதான் உருப்படியான வேலை. மதினிக்கு டி.எஸ்.எச். எகிறியிருந்தது, அதாவது தைராய்டு ஹார்மோன் உடம்புக்குப் போதவில்லை. டாக்டர் சூரணத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, "மாத்திரையை எதோட போடுறீங்க?" என்று கேட்டார்.

"டீயோடதான்."

டீயோடு போட்டால் மாத்திரை சரியாக உடம்பில் சேராதாம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியாவது கழித்துத்தான் டீ. அந்த அரை மணி நேரம் மதினி பக்கத்தில் யாரும் போவதில்லை.