ஏழு வருஷம், ஐந்து பயணம், ஒரு அடாப்டர்

2018-இல் மகளின் பிரசவத்துக்காக நியூ ஜெர்சி கிளம்பும்போது டவுன்ஹால் ரோட்டில் 450 ரூபாய்க்கு வாங்கிய யுனிவர்சல் அடாப்டர் இது. கருப்பு டப்பா. பக்கத்துக் குமிழைத் தள்ளினால் ஒவ்வொரு நாட்டுப் பின்னாக வெளியே வரும். "இது ஒண்ணு போதும்மா, எந்த ஊர்லயும் எதையும் மாட்டிக்கலாம்" என்றார் கடைக்காரர். எந்த ஊர் என்பது சரி. எதையும் என்பதில்தான் பட்டேன்.

போன முதல் ராத்திரியே தூக்கம் வரவில்லை. மூன்று மணிக்கு எழுந்து, பெட்டியில் கொண்டுபோன 1200 வாட்ஸ் கெட்டிலில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றிப் போட்டேன். மதுரையில் ஏழெட்டு நிமிஷத்தில் கொதித்துவிடும். அங்கே பத்து நிமிஷம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் குளிக்கிற சூடுதான். கெட்டில் கெட்டுப்போனது என்றே நினைத்தேன். காலையில் மாப்பிள்ளை சிரித்தார். "அத்தை, இங்க கரண்டே 120 வோல்ட்தான், நம்ம ஊர்ல 230. அடாப்டர் பின்னை மட்டும்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாது." வோல்ட் ஏறக்குறைய பாதியானால் சூடு கால்வாசிதான் வருமாம்.

மிக்சியும் அதே கதைதான். லேகியத்துக்குச் சுக்கும் திப்பிலியும் அரைக்க வேண்டுமே என்று மாப்பிள்ளை ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கி வந்தார். 120-ஐ 230 ஆக்குவது. 750 வாட்ஸ் மிக்சிக்கு 1500 வாட்ஸ் டிரான்ஸ்பார்மர், ஏனென்றால் மோட்டார் கிளம்பும்போது அதிகமாக இழுக்கும். தூக்கினால் அம்மிக்கல் கனம், சும்மா இருக்கும்போதே "ம்ம்ம்" என்று முனகும். மைக்ரோவேவ் ஓடும்போது மிக்சியைப் போட்டால் பிரேக்கர் விழும். இரண்டாவது பயணத்தில் அங்கேயே விற்கும் நம் ஊர் 110 வோல்ட் மிக்சியை வாங்கிவிட்டார்கள். முதலிலேயே அதைச் செய்திருக்கலாம்.

தேர்தலும் தேரும் ஒரே நாளில் வந்த 2019 சித்திரைத் திருவிழாவுக்குப் பேரனோடு வந்தார்கள். கூடவே பால் பாட்டிலைச் சூடுபடுத்தும் ஒரு சின்ன மெஷின். மகள் குளிக்கப் போன நேரத்தில் நானே அதை அடாப்டரில் செருகி, நம் பிளக் பாயிண்டில் போட்டேன். பால் சூடாவதற்குள் பிளாஸ்டிக் உருகும் வாடை. அடியில் 120 வோல்ட் என்று மட்டும்தான் எழுதியிருந்தது. நம் ஊர் 230-இல் மூன்றரை மடங்குக்கு மேல் சூடு ஏறியிருக்கிறது. நல்லவேளை, பேரன் பக்கத்தில் இல்லை.

சிங்கப்பூர் மகன் வீட்டில் இந்த வோல்ட் தொல்லை இல்லை, நம்மைப் போல 230 தான். பின் மட்டும் சதுர மூணு பின். அதனாலேயே எங்கள் வீட்டுக்காரருக்குத் தைரியம் வந்துவிட்டது. அடாப்டரில் ஜங்ஷன் பாக்ஸைக் கோர்த்து, 1000 வாட்ஸ் அயர்ன்பாக்ஸையும் கெட்டிலையும் சேர்த்துப் போட்டார். அடாப்டரின் முதுகில் 6 ஆம்பியர் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. இவர் இழுத்தது ஒன்பதரை. டப் என்று பீஸ் போனது. பார்த்தால் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தது. ஊர்ப் பழக்கத்தில் "ஒரு செம்புக் கம்பி இருந்தா சுத்திரலாம்" என்று தேட ஆரம்பித்தார். மூடிக்குள்ளேயே மாற்று பீஸ் இருந்ததால் பிழைத்தோம்.

இந்த அடாப்டரின் பெரிய குறை அதுவல்ல, எர்த் இல்லாததுதான். நம் மூணு பின் பிளக்கின் மேல் பின் போகிற ஓட்டை வெறும் ஓட்டை, உள்ளே எதோடும் சேராது. உலோக உடம்புள்ள அயர்ன்பாக்ஸுக்கு இது ஆகாது. அடாப்டரே வேண்டாமென்று சிங்கப்பூர் பிளக் பாயிண்டின் எர்த் ஓட்டைக்குள் பேனாவைக் குத்தி, மற்ற ஓட்டைகளின் உள்மூடியைத் திறந்து, நம் ரெண்டு பின்னைச் செருகுகிறவர்களும் உண்டு. எங்கள் சொந்தக்காரரே ஒருவர் செய்கிறார், சொன்னால் கேட்பதில்லை.

எதற்கு இது சரி என்றால், சார்ஜர்களுக்கு. 'இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவேன். போன், லேப்டாப், அவர் குறட்டைக்குப் போட்டுக்கொள்ளும் மூச்சு மெஷின் எல்லாம் அந்த வகைதான். பவர்பேங்கை மட்டும் பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான்.

இப்போது குமிழ் தளர்ந்துவிட்டது. யுஎஸ்பி ஓட்டை நாலாம் வருஷமே செத்துப்போனது. போன் சார்ஜுக்கு இன்னும் போதும். தை மாசம் மறுபடி சிங்கப்பூர். நேற்று பெட்டியைத் திறந்தால் வேட்டிக்கு அடியில் அயர்ன்பாக்ஸ். எடுத்து பீரோவில் வைத்துவிட்டேன். அவருக்கு இன்னும் தெரியாது.