அக்கிக்குப் பின் தங்கிய வலிக்கு மருத்துவக் கஞ்சா எண்ணெய்

அக்கி ஆறிய பிறகும் விலாவில் தங்கிவிட்ட நரம்பு வலிக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த எண்ணெய் இது. கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி.யும், போதை தராத பொருளான சி.பி.டி.யும் சம அளவில் கலந்தது. வலியே போய்விடும் என்று நம்பி வாங்குகிறவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: எனக்குப் போகவில்லை. போர்வை உரசினால் எரியும் இடம் இன்னும் எரியத்தான் செய்கிறது. ஆனால் அந்த எரிச்சல் என்னை எழுப்பி உட்கார வைப்பதில்லை. அது ஒரு பக்கம் இருக்க, நான் தூங்கிவிடுகிறேன். விடிய விடியச் சுவரைப் பார்த்துக் கிடந்தவளுக்கு இது எத்தனை பெரியது என்று அந்த வலியை அறிந்தவர்களுக்குத் தெரியும். நாள்பட்ட வலியால் கெட்ட தூக்கம் குறுகிய காலத்துக்கு மேம்படுவதற்கு ஓரளவு சான்று உண்டு என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2017 அறிக்கையும் சொல்கிறது. அந்தக் 'குறுகிய காலம்' என்பதை மறக்க வேண்டாம். உடல் பழகிவிட்டால் பலன் குறையும். சட்டென்று நிறுத்தினால் தூக்கம் கெட்டுக் கனவுகள் அலைக்கழிக்கும்.

வாடை, கசக்கிய பச்சைப் புல்லைப் போல. தொண்டையில் கசப்பு நிற்கும், வாய் உலரும். நாக்கின் அடியில் விட்டு ஒரு நிமிடமாவது விழுங்காமல் வைத்திருக்க வேண்டும். விழுங்கிய பங்கு குடல், கல்லீரல் என்று சுற்றி வேலையைத் தொடங்க ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், கல்லீரலில் டி.எச்.சி.யின் ஒரு பகுதி வீரியமான வேறொரு பொருளாகவும் மாறும். ஆகவே 'ஒன்றும் செய்யவில்லையே' என்று அவசரப்பட்டு இன்னொரு வேளை எடுத்துவிடாதீர்கள். மிகக் குறைந்த அளவில் தொடங்கி, மருத்துவர் சொன்னபடி மெல்ல மெல்லத்தான் நான் கூட்டினேன்.

அளவு சற்று மிஞ்சினாலும் காலையில் தலை மந்தமாக இருக்கிறது. அந்த நிலையில் வண்டியைத் தொடுவதில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; சி.பி.டி. அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும். மனச்சிதைவு நோய் குடும்பத்தில் இருந்தாலும் மறைக்காதீர்கள்.

எனக்குக் கோபம் வருவது குப்பியோடு தரும் அளவுக்குழாயின் மீதுதான். எண்ணெய் பட்டுக் கோடுகள் அழிந்துவிட்டன. ஒரு கோடு கூடினால் மறுநாள் காலையே பாழாகும் மருந்துக்கு இப்படியா? மருந்துக்கடையில் தெளிவான கோடுள்ள குழாயைத் தனியாக வாங்கி, அளவு சரியா என்று மருந்தாளுநரிடமும் கேட்டுக்கொண்டேன். நீங்களும் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.