சேலத்துக்கு எந்தத் தடங்காட்டி வந்து சேரும்?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் காலமெல்லாம் நடந்த பாதையில் அம்மாயி வழி தெரியாமல் நின்ற நாளில்தான் அல்சைமர் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் முன்பே மூளையில் அமிலாய்டு புரதம் படியத் தொடங்கிவிடுகிறது என்று பின்னர் படித்தபோது மனம் தாளவில்லை. உடலில் செலுத்திய கதிரியக்கப் பொருளைப் படமெடுக்கும் பெட் ஸ்கேனில் அந்தப் படிவை ஒளிரச் செய்யும் மூலக்கூறுகளை, அதாவது தடங்காட்டிகளை, தேடிப் படித்தது அதனால்தான்.

முன்னோடி, பிட்ஸ்பர்க் சேர்மம்-பி. திசுவில் அமிலாய்டுக்கு நிறமேற்றும் தையோஃபிளேவின் சாயத்தில் மின்னூட்டம் உண்டு. அதனால் அது மூளைக்குள் நுழையாது. ஆய்வாளர்கள் வில்லியம் கிளங்கும் செஸ்டர் மாத்திஸும் அந்த மின்னூட்டத்தை நீக்கி வழி திறந்தார்கள். 2002இல் சுவீடனின் உப்சாலாவில் முதல் நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. இன்றும் படத்தின் தெளிவில் இதற்கே என் முதல் மதிப்பெண்.

ஆனால் இதில் இணைத்துள்ள கதிரியக்கக் கார்பன்-11இன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 20 நிமிடம். ஏற்காட்டில் ஏறிய பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி சேலத்து அஸ்தம்பட்டியைத் தொட ஒரு மணி நேரம் ஆனால், கதிரியக்கத்தில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். இதை உண்டாக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் இருக்கும் வளாகத்தை விட்டு இது வெளியே வராது.

புளோரின்-18 அப்படியல்ல, அரை ஆயுள் 110 நிமிடம். பெங்களூரிலிருந்து மூன்றே முக்கால் மணி நேரத்தில் சேலம் வந்தாலும் கால் பங்கு இருக்கும். அதற்கேற்பக் கூடுதலாக நிரப்பி அனுப்பினால் போதும். 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபுளோர்பீட்டாபிர் இந்த வகை. மூளையின் நரம்பிழைகள் நிறைந்த வெண்பொருளிலும் ஓரளவு ஒட்டிக்கொள்வதால் படம் சற்று மங்கல்தான். வந்து சேராத தெளிவைவிட வந்து சேரும் மங்கல் எனக்கு உகந்தது.

அமிலாய்டு இருந்தும் நினைவு கலங்காத முதியவர்கள் பலர் உண்டு. நோயின் நடையை ஒட்டிச் செல்வது மூளையில் சேரும் இன்னொரு புரதமான டௌ. 2020இல் அனுமதி பெற்ற ஃபுளோர்டாசிபிர் அதைக் காட்டும். ஆனால் முற்றிய நிலையில்தான் நம்பகமாகக் காட்டும். முன்கூட்டியே அறிய அமிலாய்டு, எவ்வளவு பரவியது என்றறிய டௌ.

அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியில் மின்னும் மூலக்கூறுகளுக்குக் கதிரியக்கமே வேண்டாம். சுண்டெலிக்குச் சரி, மனித மண்டையோட்டைத் துளைத்து ஆழம் போக அந்த ஒளியால் இயலாது.

இவற்றுக்கெல்லாம் வலுவான போட்டி, ஸ்கேனே அல்லாத ரத்தப் பரிசோதனை. ரத்தத்தில் தென்படும் டௌ புரதத்தின் ஒரு வடிவமான பி-டௌ217 அளவை அடிப்படையாகக் கொண்ட ஒன்றுக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இங்கே மருந்து ஊருக்கு வர வேண்டியதில்லை. குளிரூட்டிய ரத்த மாதிரி ஊரிலிருந்து போனால் போதும். ஆனால் மூளையில் படிவு எங்கே இருக்கிறது என்பதை அது காட்டாது.

அம்மாயிக்கு இவை எதுவும் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு இப்போது அறுபத்தொன்று. பெயர்கள் நழுவுகின்றன என்று அவர் சொல்லும் நாள் வந்தால், முதலில் ரத்தம், ஐயம் எழுந்தால் புளோரின் அமிலாய்டு ஸ்கேன் என்ற வரிசையில் செய்யலாமா என்றுதான் நரம்பியல் மருத்துவரிடம் கேட்பேன்.