கிளியர் அக்ரிலிக் டேக்: உரிக்கத் தெம்பு இருந்தால் வாங்குங்கள்

சித்தி பெண் நேற்று ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். "அக்கா, நீங்க கீசெயின், தோடெல்லாம் பண்ற அந்த அக்ரிலிக் டேக் பாதி விலைக்கு வந்திருக்கு. நூறு பீஸ் பாக்கெட். வாங்கிப் போடட்டுமா?" வாங்கு, வாங்காதே என்று ஒரே சொல்லில் அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக இதே டேக்கோடு மல்லுக்கட்டுகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக் துண்டு, 3 மி.மீ. கனம், மேலே ஓட்டை, வட்டம், இதயம், நீள்சதுரம். இதெல்லாம் விற்பனைப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே சொல்லாத விஷயம் பிலிம்.

ஒவ்வொரு டேக்கின் இரண்டு பக்கமும் கீறல் படாமல் இருக்க ஒரு தோல் ஒட்டித்தான் வரும். நூறு டேக் என்றால் இருநூறு தோல். பெரிய ஷீட்டாக இருந்தால் ஒரு மூலையைப் பிடித்துச் சர்ரென்று இழுத்துவிடலாம். கட்டைவிரல் நகம் அளவு வட்டத்துக்கு மூலை எங்கே இருக்கிறது? போதாததற்கு, லேசரில் வெட்டும்போது ஓரம் லேசாக உருகும். கூடவே பிலிமின் விளிம்பும் உருகி அக்ரிலிக்கோடு ஐக்கியமாகிவிடும். நகத்தால் நெம்பினால் பிலிம் வெளுத்துச் சுருங்கும், ஆனால் கழன்று வராது. பிளேடை வைத்தால் கோடு விழும். ஓட்டையைச் சுற்றி மட்டும் ஒரு சின்ன மோதிரம் போலப் பிய்ந்து நிற்கும், அதைப் பல் குச்சியால் நோண்டி எடுக்க வேண்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இந்நேரத்துக்குச் சின்ன வெங்காயம் உரிச்சிருந்தா சாம்பாராவது ஆகியிருக்கும்" என்றார். மறுக்க முடியவில்லை.

பிலிமில் இரண்டு ஜாதி உண்டு. பழுப்புக் காகிதம் ஒட்டியது ஒன்று. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் காகிதம் இளகி வழிக்கு வந்துவிடும், கொஞ்சம் பிசுக்கு மிஞ்சும், அவ்வளவுதான். இன்னொன்று நிறமே இல்லாத பிளாஸ்டிக் பிலிம். விலை குறைந்த பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் இதுதான். இதில் உரித்த பக்கம் எது, உரிக்காத பக்கம் எது என்று கண்ணுக்கே தெரியாது. விமர்சனப் பகுதியில் "எல்லாமே கீறல் விழுந்த சரக்கு, ஏமாற்று வேலை" என்று ஒற்றை நட்சத்திரம் போட்டு, மங்கலான டேக்கின் படத்தையும் போட்டிருப்பார்கள். அதில் பல படங்களை உற்றுப் பார்த்தால் பிலிம் அப்படியே இருக்கும், கீறல் பிலிமின் மேல்தான் இருக்கும். கடைக்காரருக்காக இதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் "இரண்டு பக்கமும் உரிக்கவும்" என்று ஒரு துண்டுச் சீட்டு போட்டால் என்ன கெட்டுவிடும்?

எனக்கு உருப்படியாக வேலை செய்த ஒரே வழி செலோடேப். டேக்கை மேஜையில் வைத்து, டேப்பை விளிம்பைத் தாண்டி அழுத்தி ஒட்டி, சாய்வாக வெடுக்கென்று இழுக்க வேண்டும். நல்ல பாக்கெட்டாக இருந்தால் பிலிம் டேப்போடு வந்துவிடும். பரணில் ஒரு கோடையைக் கழித்த பாக்கெட்டாக இருந்தால் வராது. வெயிலில் அந்தப் பசை இறுகிவிடுகிறது. ஆகவே ஆஃபர் போட்டார்கள் என்று மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். தேவைக்கு வாங்கி, வந்த கையோடு உரித்துப் பயன்படுத்துவதுதான் நல்லது.

உரித்த பிறகும் விடாது. பிலிம் பிரிகிற வேகத்தில் அக்ரிலிக்கில் நிலைமின்சாரம் ஏறி, அறையில் இருக்கும் தூசி, தலைமுடி, பஞ்சு எல்லாவற்றையும் கூப்பிட்டு உட்கார வைக்கும். ஃபேன் ஓடினால் தூசி பறக்கும் என்று மே மாதச் சென்னையில் அதை நிறுத்திவிட்டுப் படம் ஒட்டிப் பாருங்கள், என் கஷ்டம் தெரியும். ஈரத்துணியால் லேசாக ஒற்றி எடுத்தால் அடங்கும். காய்ந்த துணியால் தேய்த்தால் மின்சாரமும் ஏறும், கீறலும் விழும்.

சரி, இவ்வளவு வைதுகொண்டு ஏன் இதையே கட்டி அழுகிறேன் என்றால், பிலிம் போன பிறகு கையில் வருவது அப்படி இருக்கிறது. விழுகிற வெளிச்சத்தில் 92 சதவீதத்தை உள்ளே விடும், ஜன்னல் கண்ணாடியைவிட ஒரு பிடி தெளிவு. எடை கண்ணாடியில் பாதிகூட இல்லை. 1930களில் சந்தைக்கு வந்து ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தில் விமானியின் தலைக்கு மேல் கவிழ்ந்த பொருள், இன்று யாரோ ஒருவரின் பாட்டி படத்தைத் தாங்கிச் சாவிக்கொத்தில் தொங்குகிறது.

எதிர்பாராத சந்தோஷம் தோடுதான். புகைப்படக் கீசெயினுக்காக வாங்கிய டேக்கில், சும்மா இருக்கட்டும் என்று வெள்ளை பெயின்ட் மார்க்கரால் பின்பக்கம் சிக்குக் கோலம் ஒன்று போட்டேன். முன்னாலிருந்து பார்த்தால் கோடு அக்ரிலிக்குக்குள் மிதக்கிறது, கழுத்தோரம் அதன் நிழலும் விழுகிறது. பின்பக்கம் எழுத்து எழுதினால் இடவலம் மாற்றி எழுத வேண்டும். கோலத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது, எந்தப் பக்கம் திருப்பினாலும் கோலம் கோலம்தான். நாள் முழுக்கப் போட்டிருந்தாலும் காது இழுக்கவில்லை. போன நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தவை எல்லாம் இவைதான். இன்னும் கேட்டு ஆள் வருகிறது.

படம் ஒட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பளபளப்பான போட்டோ பேப்பரை வெள்ளைப் பசையால் ஒட்டினால் நடுவில் பால் மாதிரி நின்றுவிடும். பசையில் உள்ள தண்ணீர் வெளியேற இரண்டு பக்கமும் வழி இல்லை. கனமான மேட் தாளில் லேசர் பிரின்ட் எடுத்தால் தண்ணீர் தாள் வழியாகப் போய்விடும், டோனர் என்கிற அதன் மைப்பொடியும் கரையாது. சாதாரண இங்க்ஜெட் மை கரைந்து பாட்டி மூக்குத்தி கன்னத்துக்கு வந்துவிடும். சூப்பர் குளூ பக்கமே போகாதீர்கள், அதன் ஆவி சுற்றிலும் வெள்ளைப் படலமாகப் படியும். புற ஊதா வெளிச்சத்தில் இறுகும் திரவப் பிசின், அதாவது யூ.வி. ரெசின், அழகுதான், ஆனால் இறுகும்போது சுருங்குவதால் மெல்லிய டேக்கை வளைத்துவிடும். அதற்கு 3 மி.மீ.க்குக் குறைவாக எடுக்க வேண்டாம். கையுறை இல்லாமல் ரெசினைத் தொடவும் வேண்டாம், அலர்ஜி வந்தால் எளிதில் போகாது.

இந்த வாரம் ரிப்பேருக்கு ஒரு பெண்டன்ட் திரும்பி வந்தது. ஓட்டையைச் சுற்றி மெல்லிய முடி போல விரிசல்கள். கீழே போட்டீர்களா என்றால் இல்லை என்கிறார். பிறகு பேச்சுவாக்கில் தெரிந்தது, தினமும் பெண்டன்ட்டை மாட்டிக்கொண்டுதான் கழுத்தில் சென்ட் அடிக்கிறாராம். லேசரில் வெட்டிய விளிம்பில் ஒரு இறுக்கம் மிச்சமிருக்கும். அதில் ஆல்கஹால் பட்டால் இப்படித்தான் விரிசல் ஓடும். சானிடைசரும் அதே வேலையைத்தான் செய்யும். பொருளின் குறை என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த டேக்கை மாற்றிக் கொடுக்க நான் மறுபடி இரண்டு பிலிம் உரித்தேன், அதைச் சொல்லாமல் இருக்கவும் மனம் வரவில்லை.

ஆக, தங்கச்சி, தெளிவு நன்று, எடை நன்று, கோலத் தோட்டுக்கு இதை மிஞ்சிய பொருள் என் கைக்கு இதுவரை வரவில்லை. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். நவராத்திரி முடிந்த கையோடு கேட்டிருந்தால் நாலரை போட்டிருப்பேன். இன்று நகக்கண் எரிகிறது.

அந்தப் பாதி விலை பாக்கெட்டை விட்டுவிடு, படத்திலேயே பளபளவென்று தெரிகிறது, நிறமில்லாத பிலிம்தான். பழுப்புக் காகிதம் ஒட்டியது கிடைத்தால் இருபத்தைந்து மட்டும் எடு. கூட வரும் வளையத்தை நம்பாதே, வியர்வை பட்டால் துருப்பிடிக்கும். எவர்சில்வர் வளையமும் கொக்கியும் சவுகார்பேட்டை நாராயண முதலித் தெருவில் தனியாக வாங்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை வருவதானால் நகத்தை வெட்டாமல் வா, என்னிடம் இன்னும் அரை பாக்கெட் உரிக்காமல் கிடக்கிறது.