ஹாஸ்டலா, காலேஜ் பஸ்ஸா? முதலாம் ஆண்டு இன்ஜினியரிங் சேருகிறவர்களுக்கு

பிளஸ் டூ முடித்து, இன்ஜினியரிங் சேர்க்கைக்கான டிஎன்இஏ கவுன்சலிங்கில் கல்லூரி உறுதியானதும் வீட்டில் கிளம்பும் முதல் வாக்குவாதம் இதுதான். பிள்ளையை ஹாஸ்டலில் சேர்ப்பதா, காலேஜ் பஸ்ஸில் போய்வரட்டும் என்று விடுவதா? கல்லூரி நானூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் கேள்வியே இல்லை. பத்து கிலோமீட்டருக்குள் என்றாலும் இல்லை. நடுவில் மாட்டிக்கொள்பவர்களுக்குத்தான் சிக்கல். சென்னையில் வீடு குரோம்பேட்டையிலோ அம்பத்தூரிலோ இருக்கும். கல்லூரி ஸ்ரீபெரும்புதூர் பக்கமோ, ஓஎம்ஆரின் கடைசியிலோ, திருவள்ளூரைத் தாண்டியோ இருக்கும். கோவை, மதுரை, திருச்சியைச் சுற்றியும் இதே நிலைதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு வாசலிலிருந்து கல்லூரி வாசலுக்கு ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறதென்றால், முதலாம் ஆண்டுக்கு மட்டுமாவது ஹாஸ்டல். இரண்டாம் ஆண்டில் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். முதல் வருடம் வீட்டிலிருந்து போய்விட்டு அடுத்த வருடம் ஹாஸ்டல் போவது எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது.

வீட்டுச் சாப்பாடு நல்லது, ஹாஸ்டலில் சுதந்திரம் கிடைக்கும், வீட்டில் அம்மா இருப்பார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதைக் கடந்து போவோம். தராசை ஒரு பக்கம் சாய்ப்பது நேரம்தான், அதிலும் சாயங்கால நேரம்.

காலேஜ் பஸ்ஸின் கணக்கு இப்படி இருக்கும். கல்லூரி 8.15-க்குத் தொடங்குகிறது என்றால் ரூட்டின் முதல் ஸ்டாப்பில் பஸ் 6.10-க்கே வந்துவிடும். வீட்டிலிருந்து ஸ்டாப்புக்கு பத்து நிமிடம். எழுந்திருப்பது 5.15. ரூட்டின் தொடக்கத்தில் ஏறுகிறவருக்கு உட்கார இடம் கிடைக்கும், ஆனால் பஸ் ஊரெல்லாம் சுற்றி ஆள் ஏற்றி முடிக்கும் வரை அவர்தான் அதிக நேரம் உள்ளே இருக்க வேண்டும். சாயங்காலம் 3.30-க்குக் கிளம்பினால் நெரிசலில் 5.30 ஆகிவிடும். ஆக மொத்தம் நாளுக்குக் குறைந்தது மூன்றரை மணி நேரம் சாலையிலேயே போகிறது. ஒரு செமஸ்டருக்குத் தோராயமாக 90 நாள் என்று வைத்துக்கொண்டால் 315 மணி நேரம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் (ரெகுலேஷன்) முதல் செமஸ்டர் கணிதமான மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸுக்கு ஒதுக்கிய மொத்த வகுப்பே 60 பீரியட்தான். கணிதப் பாடம் முழுவதையும் ஐந்து தடவை நடத்தும் நேரம் பஸ்ஸில் கழிகிறது.

பஸ்ஸில் படிக்கலாமே என்பார்கள். இங்கிலீஷும் தமிழர் மரபுப் பாடமும் வாசிக்கலாம். காதில் மாட்டிக்கொண்டு இயற்பியல் வீடியோ பார்க்கலாம். கணக்குப் போட முடியாது. அந்தக் கணிதத் தாளில் 2 மார்க் கேள்வி பத்து, 16 மார்க் கேள்வி ஐந்து. 16 மார்க் கணக்கு ஒன்றை முழுதாகப் போட இருபது நிமிடம் மேஜையில் உட்கார வேண்டும். ஐகன் வெக்டர் கண்டுபிடித்து, ஆர்த்தோகனல் டிரான்ஸ்பர்மேஷன் முடித்து, கடைசியில் குறி ஒன்று மாறிப்போய், எங்கே விட்டோம் என்று தேடி, மறுபடி போட வேண்டும். குலுங்குகிற பஸ்ஸில் மடி மேல் நோட்டை வைத்துக்கொண்டு நடக்கிற வேலையில்லை அது.

பள்ளியிலிருந்து வருகிறவர்கள் எதிர்பார்க்காத மாற்றமும் இங்கேதான் இருக்கிறது. பிளஸ் டூவில் ஒரே புத்தகத்தை வருடம் முழுக்க நடத்தினார்கள். தினமும் ஸ்லிப் டெஸ்ட் வைத்தார்கள், வரவில்லையென்றால் வீட்டுக்குப் போன் வந்தது. இங்கே ஐந்து யூனிட்டையும் மூன்றரை மாதத்தில் முடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். புரியவில்லை என்று கை தூக்காதவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று பொருள். 2021 ஒழுங்குமுறைப்படி தியரித் தாளுக்கு இன்டர்னல், அதாவது கல்லூரியே போடும் மார்க், 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. தேற மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். அதோடு பல்கலைக்கழகத் தேர்வில் தனியாக 45 சதவீதம் வாங்கியாக வேண்டும். இன்டர்னலில் அள்ளிக் கொடுத்தாலும் கடைசித் தேர்வில் அந்த 45 சதவீதம் வராவிட்டால் அரியர்தான், அந்தத் தாளை மறுபடி எழுத வேண்டும். சொந்தமாகத் தேர்வு நடத்தும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் 2025-இல் வந்த புதிய ஒழுங்குமுறையிலும் எண்கள் மாறும். சேரும்போது தரும் கையேட்டில் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

முதல் இன்டர்னலில் கணிதத்தில் கோட்டை விட்டவர்களுக்குக் கல்லூரியில் கோச்சிங் கிளாஸ் போடுவார்கள். எப்போது? கடைசி மணி அடித்த பிறகு. 3.30 பஸ் அதற்குள் போய்விடும். சில கல்லூரிகளில் 5 மணிக்கு இன்னொரு பஸ் உண்டு, ஆனால் அது எல்லா ரூட்டுக்கும் போகாது. தாம்பரத்திலோ பூந்தமல்லியிலோ இறக்கிவிடும். அங்கிருந்து மாநகரப் பஸ் பிடித்து வீடு சேர ஏழரை. ஒரு வாரம் இப்படிப் போனவர் அடுத்த வாரம் கோச்சிங் கிளாஸுக்கு நிற்க மாட்டார். கோடிங் கிளப், ரோபோ டீம், என்எஸ்எஸ், விளையாட்டு எல்லாவற்றுக்கும் இதே கதிதான். கல்லூரிக் கட்டணத்தில் இதற்கெல்லாம் காசு வாங்கிக்கொள்கிறார்கள். பஸ் மாணவருக்கு அவை நோட்டீஸ் போர்டில் மட்டுமே தெரியும்.

ஹாஸ்டலில் இருப்பவர் 3.45-க்கு அறையில் இருப்பார். அந்த நேரத்தில் படிக்கத்தான் செய்வார் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. முதல் மாதம் பெரும்பாலும் தூக்கமும் கிரிக்கெட்டுமாகப் போகும். ஆனால் இன்டர்னலுக்கு முந்தைய இரவு பத்து மணிக்குப் பக்கத்து அறைக் கதவைத் தட்டி, இந்த ஸ்டெப் எப்படி வந்தது என்று கேட்க ஓர் ஆள் இருப்பார். மாடியில் ஒரு சீனியரிடம் ஐந்து வருடக் கேள்வித்தாள் இருக்கும். எந்தெந்தக் கணக்கு திரும்பத் திரும்ப வருகிறது என்று அவர் பென்சிலில் குறித்து வைத்திருப்பார். ரெக்கார்ட் நோட்டில் மறுநாள் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ராத்திரி ஒன்பதுக்குத்தான் நினைவு வந்தாலும் ரீடிங் எடுத்த லேப் பார்ட்னர் அதே மாடியில் இருப்பார். பஸ் மாணவருக்கு இது வாட்ஸ்அப்பில் வரும் மங்கலான போட்டோ. இரண்டாம் செமஸ்டரில் இன்ஜினியரிங் கிராபிக்ஸ் வந்துவிட்டால் கோடு போடும் கருவியான மினி டிராப்டரையும் சுருட்டிய ஷீட்டையும் தினம் கூட்டத்தில் தூக்கிச் செல்வது தனித் தண்டனை. டிராப்டரின் ஸ்கேல் ஒருமுறை நெரிபட்டால் செங்கோணம் விட்டுப்போகும், அதன் பிறகு போடும் கோடெல்லாம் கோணல்.

வருகைப்பதிவிலும் வித்தியாசம் உண்டு. 75 சதவீதம் வேண்டும். 65-க்கும் 75-க்கும் இடையில் மருத்துவச் சான்று போன்ற காரணம் காட்டி மன்னிப்பு வாங்கலாம். 65-க்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது, அந்தச் செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். காலேஜ் பஸ் தாமதமானால் கல்லூரி பொறுத்துக்கொள்ளும். அரசுப் பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. முதல் பீரியட் தொடர்ந்து அடிபடும். 45 பீரியட் உள்ள ஒரு பாடத்தில் 11 போனாலே அந்தப் பாடத்தில் வருகை 75-ஐ ஒட்டி வந்துவிடும்.

ஹாஸ்டல்காரருக்கு இதற்கு எதிர்ப்புறமாக ஒரு கண்ணி இருக்கிறது: திங்கட்கிழமை. முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு வெள்ளியும் ஊருக்கு ஓடத் தோன்றும். ஞாயிறு இரவு கிளாம்பாக்கம் வரும் பஸ்களில் இடம் கிடைக்காமல், திங்கள் காலை பத்து மணிக்கு வந்து இறங்குவார்கள். முதல் இரண்டு பீரியட் போச்சு. திங்கள் முதல் பீரியட் எந்தப் பாடமோ அதில்தான் வருகைப்பதிவு இறங்கியிருக்கும். மாதம் இருமுறை போதும். ஞாயிறு மதியமே கிளம்பிவிட வேண்டும்.

இப்போது பணம். கல்லூரிக்குக் கல்லூரி மாறும் என்பதால் ஓர் உதாரணம் மட்டும். பஸ் கட்டணம் வருடத்துக்கு 40,000, ஹாஸ்டலும் மெஸ்ஸும் சேர்த்து 90,000 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 50,000. வீட்டில் இருந்தால் அந்தப் பிள்ளையின் சாப்பாட்டுச் செலவு மாதம் 3,000 வீதம் பத்து மாதத்துக்கு 30,000 ஆகியிருக்கும். உண்மையான வித்தியாசம் 20,000. இரண்டு செமஸ்டரில் மிச்சமாகும் 630 மணி நேரத்துக்கு இதை வகுத்தால் மணிக்கு முப்பது ரூபாய் சொச்சம். கணித டியூஷன் மாஸ்டர் இந்த ரேட்டுக்குக் கிடைக்க மாட்டார்.

சிலருக்கு இந்தக் கணக்கே தேவைப்படாது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் 2021 முதல் அரசே ஏற்கிறது. பஸ்ஸில் போய்வருவதால் அவர்களுக்கு மிச்சம் எதுவும் இல்லை. முதல் பட்டதாரி சலுகை அப்படியல்ல; அது கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான், ஹாஸ்டலுக்குப் பொருந்தாது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் 1,000 ரூபாய் எங்கே தங்கினாலும் வரும். சமூகநீதி விடுதிகள் என்று 2025-இல் பெயர் மாற்றப்பட்ட அரசு விடுதிகளில் தங்குவதும் சாப்பாடும் இலவசம். வருமான வரம்பு உண்டு. பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் வீடு 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்ற விதியும் மாணவர்களுக்கு உண்டு, மாணவியருக்கு இல்லை. கல்விக் கடன் வாங்குகிறவர்கள், கல்லூரி தரும் நான்காண்டுக் கட்டண மதிப்பீட்டில் ஹாஸ்டல் கட்டணத்தையும் முதலிலேயே சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு சேர்க்கச் சொல்லி வங்கிக்கு நடப்பது வீண் அலைச்சல்.

ஹாஸ்டலுக்குப் பணம் கட்டும் முன் அலுவலகத்தில் கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி: மெஸ் நிலையான கட்டணமா, டிவைடிங்கா? டிவைடிங் என்றால் மாதச் செலவு முழுவதையும் அந்த மாதம் சாப்பிட்ட மாணவர்-நாட்களால் வகுப்பார்கள். 200 பேர், சராசரி 25 நாள் என்றால் 5,000 மாணவர்-நாள். செலவு ஆறு லட்சம் என்றால் நாளுக்கு 120 ரூபாய். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. விடுமுறை மாதத்தில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டாலும் சமையல்காரர் சம்பளமும் அடுப்பும் குறையாது. இருப்பவர் தலையில் நாள் கட்டணம் ஏறும். ஊருக்குப் போகும் நாட்களைக் கழிக்க எத்தனை நாள் தொடர்ந்து போக வேண்டும், எத்தனை நாள் முன்பு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் வார இறுதியெல்லாம் ஊருக்குப் போகிறவர் சாப்பிடாத சாப்பாட்டுக்குக் காசு கட்டுவார். பாதியில் காலி செய்தால் எது திரும்பும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் காஷன் டெபாசிட் மட்டுமே திரும்பும், அறை வாடகை போனதுதான்.

கட்டடத்தில் பார்க்க வேண்டியது பாத்ரூம் எண்ணிக்கையும் தண்ணீரும். காலை 6.45 முதல் 7.45 வரை மொத்த மாடியும் அங்கேதான் நிற்கும். எட்டுப் பேருக்கு ஒன்று என்றால் சமாளிக்கலாம், பதினைந்து பேருக்கு ஒன்று என்றால் 5.30-க்கு எழ வேண்டும். அப்புறம் பஸ்காரரைவிட என்ன லாபம்? குடிநீர் ஆர்ஓ இயந்திரத்தில் கடைசியாக எப்போது ஃபில்டர் மாற்றினார்கள் என்று ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் காமாலையும் டைபாய்டும் பரவுவது பெரும்பாலும் தண்ணீரால்தான். அது மூன்று வாரத்தை விழுங்கினால் வருகைப்பதிவும் கூடவே போகும்.

ராகிங் பயம் நியாயமானது. 1996-இல் மருத்துவ மாணவர் பொன் நாவரசு ஹாஸ்டலில் கொல்லப்பட்ட பிறகுதான் 1997-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. இரண்டாண்டு வரை சிறை உண்டு. முதலாம் ஆண்டுக்குத் தனி பிளாக் இருக்கிறதா, இரவில் அங்கே உதவி வார்டன் தங்குகிறாரா என்பதுதான் பார்க்க வேண்டியது. 'ஒருவர் இருக்கிறார்' என்று சொன்னால், எந்த அறை என்று கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் ராகிங் புகார் உதவி எண் 1800-180-5522. அதைப் போனில் பதிந்து வைப்பதில் கூச்சம் வேண்டாம்.

வெளியே ரூம் எடுப்பது மூன்றாவது வழி. முதலாம் ஆண்டுக்கு வேண்டாம். சமையல், வாடகை, கரண்ட் பில் தகராறு எல்லாம் சேர்ந்து, மிச்சமான பயண நேரத்தைத் தின்றுவிடும். மூன்றாம் ஆண்டில் கூட்டாளிகள் யார் என்று தெரிந்த பிறகு யோசிக்கலாம்.

கலை அறிவியல் கல்லூரிக்கு என் தீர்ப்பு மாறுகிறது. சுழற்சி (ஷிப்ட்) முறை உள்ள கல்லூரிகளில் முதல் சுழற்சி காலையில் தொடங்கி மதியத்தோடு முடிந்துவிடும். மூன்று மணிக்கு வீட்டில் இருக்கலாம். அரசுக் கல்லூரி என்றால் பஸ் பாஸும் இலவசம். அங்கே வீடே மேல். மருத்துவக் கல்லூரியின் வேலை நேரமும் விடுதி விதிகளும் வேறு, அதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. பெண்கள் விடுதிகளில் கேட் மூடும் நேரம் பல இடங்களில் ஆறு, ஆறரைதான். அப்படிப்பட்ட இடத்தில் நான் சொல்லும் கிளப், லைப்ரரி ஆதாயம் பாதியாகிவிடும், அறைத் தோழியும் சீனியரும் மட்டுமே மிச்சம். அந்த நேரத்தைக் கேட்காமல் சேராதீர்கள்.

வீட்டுச் சூழலால் பஸ்தான் என்று ஆகிவிட்டால், ஒன்று செய்யலாம். காலைப் பயணத்தைத் தூங்கவும் சாயங்காலப் பயணத்தை வீடியோவுக்கும் விட்டுவிட்டு, கணிதத்தைக் கல்லூரிக்குள்ளேயே முடிக்கப் பாருங்கள். மதிய இடைவேளையில் இருபத்தைந்து நிமிடமும், ஒரு ஃப்ரீ பீரியடும் சேர்ந்தால் நாளுக்கு இரண்டு 16 மார்க் கணக்கு ஆகும். பஸ் கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்ட விடுகிறார்களா என்றும் கேளுங்கள். முதல் செமஸ்டர் ரிசல்ட் பார்த்துவிட்டு ஹாஸ்டலுக்கு மாற நினைத்தால் மீதித் தவணையாவது தப்பும். மொத்தமாகக் கட்டியவருக்கு அது திரும்ப வருவது அபூர்வம்.