வீட்டுக்குக் கீழே சாமான் அறை போடப் போகிறவர்கள் கவனம்

எங்கள் காணி பள்ளம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறந்தபோது பழைய வீட்டு யன்னல் விளிம்பு வரை தண்ணீர் நின்றது. அதனால் புது வீட்டைக் கொங்கிறீட் தூண்களில், நிலத்திலிருந்து நாலரை அடி உயர்த்திக் கட்டினோம். கீழே வெறுமையாகக் கிடந்த இடத்தில் மண்வெட்டி, அலவாங்கு, கோடாலி, மருந்தடிக்கிற மெசின், ஹோஸ் எல்லாவற்றையும் ஒழுங்காக வைக்க ஒரு அறை மாதிரிச் செய்யலாம் என்ற யோசனை என்னுடையதுதான். அதில் பிழையில்லை. ஆளைப் பிடித்த விதத்தில்தான் பிழை.

டவுனில் வெல்டிங் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்து பார்த்தார். ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல், 1.6 தடிப்புள்ள ஜீஐ (துரு பிடிக்காமல் துத்தநாகம் பூசிய இரும்பு) பொக்ஸ் பாரில், அதாவது சதுரக் குழாயில் தட்டுகள், சுற்றிவர எலி புகாத கம்பி வலை, பூட்டுப் போடக் கதவு. மொத்தம் 165,000 ரூபாய். கணக்கை ஒரு கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார். தொகை மட்டும்தான் அதில் இருந்தது. தடிப்பும் இல்லை, ஜீஐ என்ற சொல்லும் இல்லை. நானும் கேட்கவில்லை.

போகும்போது, "உள்ளுக்கு குனிஞ்சு நிக்கிறது கஷ்டம் அண்ணை. ஒண்டேகால் அடி மண்ணை இறக்கினா நிமிர்ந்து நிக்கலாம், ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றார். நல்ல மனிசன், நமக்காக யோசிக்கிறார் என்று நினைத்தேன். ஜூலை நடுவில் வேலை முடிந்தது. நல்ல கோடை. நிலம் காய்ந்து தூசி பறக்கிறது, தட்டுகள் வெள்ளி மாதிரி மின்னுகின்றன. மிச்சக் காசை அன்றைக்கே எண்ணிக் கொடுத்தேன்.

முதல் மழை ஐப்பசியில் வந்தது. இறக்கிய இடம் வெளி நிலத்தை விடப் பள்ளம்தானே, முற்றத்துத் தண்ணீர் முழுக்க அங்கே இறங்கியது. கார்த்திகை முழுவதும் முழங்கால் அளவு சேறு. அதைவிட மோசம், தூண்களைச் சுற்றிய மண் கரைந்து இரண்டு தூண்களில் அத்திவாரத்தின் மேல் விளிம்பு வெளியே தெரிந்தது. வீட்டைத் தாங்குகிற தூணைச் சுற்றி மண்ணை அகழக்கூடாது என்பது மேசன் வேலைக்கு நேற்று வந்த பொடியனுக்கும் தெரியும். அந்த மண்தானே அத்திவாரத்தை அசையாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஒண்டேகால் அடி உயரத்துக்கு ஆசைப்பட்டு வீட்டின் காலை நானே தோண்ட விட்டிருக்கிறேன்.

தட்டுகளின் மூட்டுகளிலிருந்து துரு வழிந்தபோதுதான் சந்தேகம் வந்தது. ஜீஐ குழாயின் வெட்டு முனையில் எட்டிப் பார்த்தால் உட்பக்கமும் வெள்ளி நிறமாக இருக்கும். இதில் உள்ளே கறுப்பு. சாதாரண இரும்புக்கு வெளியே அலுமினியப் பெயின்ற். வீட்டுக் கோடியில் மிஞ்சிக் கிடந்த 20 அடி முழுப் பார் ஒன்றை நெல் நிறுக்கும் தராசில் போட்டுப் பார்த்தேன். ஒரு அங்குலச் சதுரப் பார், 1.6 தடிப்பென்றால் ஏறத்தாழ ஏழு கிலோ வரவேண்டும். நாலரைக் கிலோதான் வந்தது. அது ஒரு மில்லிமீற்றர் தகடு. பக்கத்தில் யூரியாப் பை வைத்திருந்தது என் முட்டாள்தனம். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசிந்து துருவை இன்னும் விரைவாக்கியது. வலையும் ஒரு அங்குலக் கண். எலி தாராளமாக வந்தது. எலி வந்தால் பின்னாலேயே புடையன் பாம்பும் வரும் என்று இங்கே சொல்லத் தேவையில்லை. அம்மாவை அதற்குப் பிறகு அந்தப் பக்கம் விடுவதில்லை.

கடைக்காரருக்குப் போன் அடித்தேன். "மழைக்கு நான் என்ன செய்யிறது?" என்றார். பிறகு அழைப்பை எடுக்கவேயில்லை. நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்தபோதுதான் அடுத்த அடி: வேலை முடிந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். எனக்கு நாலாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மூன்று மாதமும் ஒரு சொட்டு மழை இல்லாமல் கழிந்தது. மத்தியஸ்த சபைக்குப் போட்டிருக்கிறேன். முதல் தவணைக்கு அவர் வரவில்லை. என்னிடம் இருப்பது அந்தக் கலண்டர் தாள் மட்டும்.

ஆகவே கீழ் இடத்தில் வேலை கொடுப்பவர்கள், பாரின் தடிப்பு, ஜீஐயா கறுப்பா, வலையின் கண் அளவு எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சாமான் வந்து இறக்கும்போதே ஒரு பாரைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். கால்வாசிக் காசையாவது முதல் பெருமழை வரை கையில் வையுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத ஆள் வேண்டாம்.

நான் இப்போது இரண்டு உழவு இயந்திரப் பெட்டி கிறவல் கொட்டி, தூண்களைச் சுற்றி இறுக்கி, வெளிப்பக்கம் சரிவு வைத்துவிட்டேன். மறுபடி குனிந்துதான் போக வேண்டும். சீமெந்துக் கல் அடுக்கி அதன்மேல் நாலு பனஞ்சிலாகை போட்டு மண்வெட்டிகளை வைத்திருக்கிறேன், செலவு ஒன்பதாயிரம். பம்பியும் பெற்றோல் கானும் கிணற்றடிக் கொட்டிலுக்குப் போய்விட்டன. படுத்துத் தூங்குகிற அறைக்கு நேர் கீழே பெற்றோல் ஆவி தேங்க விடலாமா? அதையும் அந்த மனிசன் உள்ளுக்கே வைக்கச் சொல்லித் தனித் தட்டு அடித்துத் தந்திருந்தார்.